நீ மாமா என்று கூப்பிட்டவர்

செந்தில்,

நேற்றுக் காலை போனில் நீ சிரித்தாய். ஏழு மாதத்துக்குப் பிறகு உன் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டேன். "அம்மா, திவ்யா வீட்ல வரச் சொல்லிட்டாங்கம்மா. ஞாயித்துக்கிழமை நம்ம பாப்பாவுக்கு முதல் பொறந்தநாள். மணப்பாறையில சின்ன ஹால்ல வெச்சிருக்காங்க. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் மாப்பிள்ளை கனடாவுல இருக்கார்னு சொல்லி வெச்சிருக்காங்களாம். யாராவது கேட்டா நான் திவ்யாவோட ஆபீஸ் ஃப்ரெண்டுன்னு சொல்லிக்கணுமாம். சொல்லிட்டுப் போறேன், அதுல என்னம்மா குறைஞ்சிடப் போறேன்? பாப்பாவைத் தூக்கிப் பாத்தாப் போதும்" என்றாய். நான் குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் வேறு எதையாவது சொல்லித் தப்பித்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். முப்பது வருஷம் வக்கீல் ஆபீசில் டைப் அடித்தவள் நான், காகிதத்தில் ஏறிவிட்டால்தான் என் வாய் மாறாது. இதை இன்றைக்கே பெங்களூருக்குக் கூரியரில் அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். படித்த பிறகு நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். திவ்யாவிடம் காட்டு, வக்கீலிடம் காட்டு, கோர்ட்டிலேயே கொடு. எனக்கு இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அப்பா துபாயில் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனார் என்று சொல்லி உன்னை வளர்த்தேன். அப்படி ஒரு ஆளே கிடையாது. பீரோவில் உன் காதுகுத்துப் போட்டோ இருக்கிறதே, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நீ அழுகிறாய், உன்னை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவர்தான் உன் அப்பா. ஏழு வயதுவரை மாமா மாமா என்று நீ யார் பின்னாலேயே சுற்றினாயோ அவர். உயிரோடுதான் இருக்கிறார். இதே ஊரில், அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இங்கிருந்து ஒரு பஸ் மாறினால் போய்விடலாம். இருபத்திரண்டு வருஷம் நான் போகவில்லை.

அவர் ஏதோ ஒரு வாடகை வழக்குக்காக எங்கள் ஆபீசுக்கு வந்தவர். அவர் வேறு சாதி, நான் வேறு சாதி. அவருக்குக் கல்யாணமாகாத தங்கைகள் இரண்டு பேர். அண்ணன் இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று தெரிந்தால் அந்தப் பெண்களைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். "ரெண்டு பேரையும் கட்டிக் குடுத்துட்டா மறுநாளே ரிஜிஸ்டர் ஆபீஸ்தான்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, நானும் ஏமாறவில்லை. காத்திருக்கலாம் என்று இரண்டு பேருமே நினைத்தோம். அரியமங்கலத்தில் ஒரு வீடு பிடித்துச் சேர்ந்திருந்தோம். என் வீட்டில் என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். மூத்த தங்கை கல்யாணத்துக்கு முன்னாலேயே நீ வந்துவிட்டாய். நீ பிறந்த அன்று அவர் கரூரில் அந்தத் தங்கையின் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலம் மாற்றிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் படிவத்தை நீட்டி அப்பா பெயர் என்ன என்று கேட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் காலியாக விடச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஓடி வந்தவர், "அப்புறம் ரெண்டு பேருமா போயிக் கையெழுத்துப் போட்டுச் சேத்துக்கலாம் விடு" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. உன் பெயருக்கு முன்னால் இன்றைக்கும் நிற்பது என் பெயரின் எழுத்துதான்.

அரியமங்கலத்தில் அக்கம்பக்கத்துக் கேள்வி தாங்க முடியாமல் ஸ்ரீரங்கத்தில் வீடு தேடினோம். உனக்கு அப்போது எட்டு மாதம். என் கழுத்தில் தாலி கிடையாது. "ஒரு மஞ்சக்கயிறாவது கட்டிக்கயேன், வீடு கிடைக்கும்" என்றார். "நீங்க கட்டாததை நான் கடையில வாங்கிக் கட்டிக்கணுமா?" என்று கேட்டேன். அந்த ரோஷத்தோடுதான் வீட்டுக்கார மாமியின் வாசல்படி ஏறினேன். மாமி முதலில் என் கழுத்தைப் பார்த்தார், அப்புறம் குழந்தையைப் பார்த்தார். "ஐயோ, இந்த வயசுலயா? ஆத்துக்காரருக்கு என்ன ஆச்சுடிம்மா?" என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு எந்த வீட்டிலும் எனக்கு அந்த இரக்கம் கிடைக்கவில்லை. துபாயில் விபத்து என்று என் வாய் தானாகச் சொல்லிற்று. "இவர்?" என்று அவரைக் காட்டினார். புருஷனை இழந்தவள் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை வேறு யாராக நிற்க முடியும்? "என் அண்ணா, மாமி" என்றேன். "அப்படின்னா சரி. கூடப்பொறந்தவன் துணை இருக்கறது பெரிய பாக்கியம்" என்று சாவியைக் கையில் கொடுத்தார். பின்னால் நின்றவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிக்குப் போனதும் நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஆமாம் செந்தில், சிரித்தோம். உன்னைப் போலத்தான், அதில் என்ன குறைந்துவிடப் போகிறோம் என்று.

பேசப் பழகியதும் உனக்கு மாமா என்று சொல்லிக் கொடுத்தேன். கதவைச் சாத்திய பிறகாவது அப்பா என்று கூப்பிடட்டுமே என்று அவர் கேட்டார். குழந்தை வெளியே உளறிவிடுவான் என்று நான் விடவில்லை. உனக்கு மூன்று வயதிருக்கும்போது கீழ்வீட்டுப் பிள்ளை அப்பா என்று கூப்பிடுவதைப் பார்த்துவிட்டு, மாடிப்படியில் ஏறி வந்தவரைப் பார்த்து "அப்பா" என்று ஓடினாய். மாமி துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் உன்னை இழுத்து முதுகில் ஒன்று வைத்தேன். மாமி என்னைத்தான் கோபித்துக்கொண்டார், "அப்பா இல்லாத குழந்தை, ஏக்கத்துல கூப்பிடறது, அதைப் போய் அடிக்கறயே" என்று. உன்னை நான் அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். அடிவாங்கியது உனக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் அதற்குப் பிறகு நீ ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

அந்த வருஷமே வயலூரில் உனக்கு மொட்டையடித்துக் காது குத்தினோம். மாமி குடும்பத்தோடு வந்திருந்தார். ஆசாரி ஊசியை எடுத்ததும் மாமிதான், "தாய்மாமா மடியில உக்காத்தி வைடிம்மா" என்று உன்னை வாங்கி அவர் மடியில் வைத்தார். தாய்மாமன் கொண்டுவர வேண்டிய தட்டு, புதுத்துணி, வாழைப்பழம் எல்லாம் அவரே வாங்கி வந்திருந்தார். பெற்ற பிள்ளைக்கு மாமன் சீர் செய்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். மாமியின் பிள்ளை போட்டோ எடுத்தான். நீ வீறிட்டு அழுதாய், அவர் உன் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். ஊரறிய உன்னை மடியில் வைத்துக்கொள்ள அவருக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

இளைய தங்கைக்கும் கல்யாணம் முடிந்து அவர் வந்து நின்றபோது உனக்கு ஏழு வயது. "இப்ப ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்" என்றார். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, ஏழு வருஷத்துக் கோபம். "எப்படிப் பண்ணிக்கறது? தெருவே உங்களை என் அண்ணன்னு நினைக்குது. நாளைக்கு அண்ணனைக் கட்டிக்கிட்டவள்னு என் மூஞ்சியில துப்பவா?" என்று கேட்டேன். வேறு ஊருக்குப் போய்விடலாம் என்றார். உன் ஸ்கூல், என் வேலை, இந்த வீடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுத்தேன். உண்மை என்னவென்றால், எனக்கு அதற்குள் பழகிவிட்டது. கைம்பெண் என்ற பேரில் எனக்கு மரியாதை இருந்தது, பிள்ளை முழுக்க எனக்கே எனக்கு என்று இருந்தான். அவர் விடாமல் கேட்டார். ஒருநாள் பெட்டியை எடுத்து வெளியே வைத்தேன்.

அவர் கோர்ட்டுக்குப் போனார். உன்னைப் பிடுங்கிக்கொள்ளக் கேட்கவில்லை. வாரத்தில் ஒருநாள் பார்க்க வேண்டும், பிறப்புச் சான்றிதழில் தன் பெயரைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் மனு. எங்கள் வக்கீல் சார் சட்டம் சொல்லத் தேவையே இல்லாமல் எனக்கே தெரியும். கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளைக்கு முதல் பாதுகாவலர் தாய்தான், தகப்பனுக்கு இடம் அவளுக்குப் பிறகு. நான் உண்மையைச் சொல்லியே உன்னை என்னிடம் வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால் அவர் வாரம் ஒருநாள் வருவார், தெரு பார்க்கும். அதனால் அவர் தகப்பனே இல்லை என்று பதில் மனு போட்டேன். அதை நானே டைப் அடித்தேன். இதில் ஒப்புக்கொள்ளப்பட்டவை தவிர மற்ற யாவும் பொய், இட்டுக்கட்டியவை என்று எல்லாப் பதில் மனுவிலும் ஒரு வரி வரும். ஆயிரம் தடவை அடித்துப் பழகிய வரி, விரல் நிற்கவே இல்லை. சாட்சிக்கு அந்தக் காதுகுத்துப் போட்டோவைச் சேர்த்தேன். தாய்மாமன் மடியில் குழந்தை. அதைவிடப் பெரிய ஆதாரம் யாருக்கு வேண்டும்? மாமி நல்ல மனசோடு வந்து, ஆமாம், கூடப்பொறந்தவர்தான், என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கவுன்சலிங் அறையில் இருந்த அம்மா உன்னைத் தனியாகக் கேட்டார்கள், இவர் உனக்கு யார் என்று. "எங்க மாமா. ரொம்ப நல்லவரு" என்றாய். அப்படியே எழுதிக்கொண்டார்கள். அப்புறம் கோர்ட்டில் அவருடைய வக்கீல் ரத்தப் பரிசோதனைக்கு மனுப் போடலாம் என்று எழுந்தார். உன் அப்பாவே எழுந்து நின்று, "வேணாங்கய்யா. புள்ளைய ஊசி குத்தி இவன் யாருக்குப் பொறந்தவன்னு பாக்க வேணாம். அவங்க சொல்றபடியே இருக்கட்டும்" என்றார். மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வெளியே வராந்தாவில் நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப மாமா வீட்டுக்கு வருவீங்க?" என்று கேட்டாய். அவர் உன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு நடந்துபோனார். நான் வழக்கில் ஜெயித்தேன். அன்றிலிருந்து ஒரு நாளாவது அந்த ஜெயத்தை நினைத்து நான் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறேன் என்று நினைக்காதே.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. பாப்பா பிறந்த செய்தியைப் போனில் சொன்னபோது, நீயும் திவ்யாவும் இன்னும் கல்யாணம் பதிவு செய்துகொள்ளவில்லை என்றும் சொன்னாய். எனக்கு உடனே கேட்கத் தோன்றியது, சான்றிதழில் உன் பெயரைப் போட்டாயா என்று. ஆபீசுக்கு எவன் வந்து யோசனை கேட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி அது. உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும், என் சான்றிதழில் ஏன் அப்பா பெயர் இல்லை என்று நீ திருப்பிக் கேட்பாய் என்று பயந்து, குழந்தை என்ன நிறம், யார் ஜாடை என்று பேசிவிட்டு வைத்தேன். ஐந்து மாதத்தில் திவ்யா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் உன் நம்பரை பிளாக் செய்தபோது, "அம்மா, எங்கயுமே என் பேர் இல்லம்மா" என்று அழுதாய். காகிதத்தில் பேர் ஏற்றுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில். அதைப் பெற்ற பிள்ளைக்குச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் மகள் உன் கையைவிட்டுப் போனதில் எனக்கும் பங்கு உண்டு.

நேற்று மத்தியானம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்து அரியமங்கலம் போனேன். விசாரித்துக்கொண்டு பட்டறை வாசலில் போய் நின்றேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் மோட்டாரை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "வாங்க" என்றார். என்னை நீ, வா, போ என்று மட்டுமே கூப்பிட்டவர். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ சொன்னார். "பையன் நல்லா இருக்கானாங்க?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பேத்தி என்றதும் ஒரு கணம் முகம் மாறியது. திவ்யா வீட்டில் ஃப்ரெண்டாக வரச் சொல்லியிருப்பதைச் சொல்லி, "நீங்க ஒரு தடவை அவன்கிட்ட பேசணும். நீங்கதான் அவன் அப்பான்னு சொல்லணும்" என்றேன்.

"அதைத்தானேங்க நான் அன்னிக்குக் கோர்ட்ல சொன்னேன். இல்லைன்னுட்டீங்க" என்றார். கோபமே இல்லை குரலில். கோபித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். "அவன் ஸ்கூல் வாசல்ல எத்தனையோ நாள் தூரமா நின்னு பாத்திருக்கேன். அப்புறம் அதையும் விட்டுட்டேன். மாமான்னே இருந்துட்டுப் போறேன்னு மனசைப் பழக்கி வெச்சிருக்கேங்க. இப்பப் போயி அப்பான்னு நிக்க என்னால ஆகாது. அவன் வந்தாலும் எனக்கு வேணாம், வரவிடாதீங்க" என்றார். கிளம்பும்போது, "அந்த ஃப்ரெண்டுங்கறதுக்கு மட்டும் ஒத்துக்க வேணாம்னு சொல்லுங்க. அன்னிக்கு நீங்க வீட்டுக்காரம்மாகிட்ட பேசறப்ப புள்ள என் தோள்ல தூங்கிட்டிருந்தான். பேசினா முழிச்சுக்குவான்னு சும்மா நின்னேன். அவ்வளவுதாங்க நான் பண்ணது" என்றார். வரும் வழியில் பஸ்ஸில் எத்தனை ஸ்டாப் போனது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நீ என்ன செய்யப் போகிறாய்? உனக்கு நல்ல யோசனை ஒன்று சொல்லி இந்தக் கடிதத்தை முடிக்க வேண்டும் என்று நேற்றிலிருந்து தேடுகிறேன், கிடைக்கவில்லை. சட்டம் திவ்யா பக்கம்தான் முதலில் நிற்கும். ஆனாலும் தகப்பன் என்று நிரூபித்தால் குழந்தையைப் பார்க்கக் கேட்கலாம். பிரசவத்துக்கு நீ கையெழுத்துப் போட்ட ஆஸ்பத்திரிக் காகிதம், அவள் உனக்கு அனுப்பிய மெசேஜ்கள், நீ பாப்பாவோடு இருக்கும் போட்டோக்கள், எதையும் அழித்துவிடாதே. பரிசோதனை என்று வந்தால் உன் அப்பாவைப் போல எழுந்து நின்று வேண்டாம் என்று சொல்லாதே. அந்தப் பெருந்தன்மையால் உனக்கு ஒரு நன்மையும் வரவில்லை, எனக்குத்தான் வந்தது. இவ்வளவும் செய்தாலும் வருஷக்கணக்காகும், அதற்குள் பாப்பா வேறு யாரையோ அப்பா என்று கூப்பிடப் பழகிவிடலாம். திவ்யா கெட்ட பெண் என்று நான் நினைக்கவில்லை. நானும் கெட்டவள் இல்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தை அவள் படித்தால் மனம் மாறுவாளா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. அன்றைக்கு என் கையில் யாராவது இப்படி ஒன்றைக் கொடுத்திருந்தால் நான் கிழித்துப் போட்டிருப்பேன்.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வயதுக் குழந்தையைப் பார்க்காதே என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? போ. ஹாலில் நுழைந்ததும் யாராவது ஒரு பெரியவர், தம்பி யாரு என்று கேட்பார். நம் ஊரில் கேட்காமல் விடமாட்டார்கள். பாப்பாவோட அப்பா என்று நாலு பேர் காதில் விழும்படிச் சொல். உன்னை வெளியே தள்ளலாம், கேக் வெட்டுவதற்குக்கூட இருக்க விடமாட்டார்கள், அன்றைக்குப் பாப்பாவை நீ தொடாமலே திரும்பலாம். ஆனாலும் கேட்ட நாலு பேர் கேட்டவர்கள்தான். ஒன்று மட்டும் செய் செந்தில். அவளைக் கையில் வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிடு. கைக்கு வந்து உன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள் என்றால், அப்புறம் அவர்கள் உன்னை யாராக இருக்கச் சொன்னாலும் சரி என்றுவிடுவாய்.

அம்மா